14 லட்சம் சம்பளம், மும்பை வாடகை: ‘சரி’ சொல்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

2024 ஏப்ரலில் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் ஒரு நிதி நிறுவனத்திலிருந்து எனக்கு ஆஃபர் லெட்டர் வந்தது. ஆண்டுக்கு 14 லட்சம். அப்போது கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இன்டர்னல் ஆடிட் வேலை பார்த்து, கையில் மாதம் 46,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். சிங்காநல்லூரில் அப்பா கட்டிவிட்டுப் போன சொந்த வீடு. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். வாடகை கிடையாது, ஆபீசுக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம். எங்கள் சொந்தத்தில் மும்பைக்கு வேலைக்குப் போனவர்கள் யாருமில்லை. கூடப் படித்தவர்களில் போனவர்களைக் கேட்டபோது “யோசிக்கவே வேண்டாம், வா” என்றார்கள். சம்பளத்தைச் சொன்னார்கள், கடற்கரையைச் சொன்னார்கள். முதல் மூன்று மாதம் எப்படிப் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். மும்பை என்றில்லை, பெங்களூரு, ஹைதராபாத், எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் சம்பளம். 14 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,16,000க்கு மேல் வருகிறது. ஊரில் எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். என் கைக்கு வந்தது மாதம் கிட்டத்தட்ட 85,000. நடுவில் போன பணம் எங்கே என்றால், ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்க அட்டவணையில் எல்லாமே இருக்கிறது. பத்து சதவீதம் வேரியபிள் பே, அதாவது 1,40,000. வருஷத்துக்கு ஒருமுறை, மேலதிகாரி போடும் ரேட்டிங்கைப் பார்த்து வரும். முழுசாக வரலாம், பாதியாகவும் வரலாம். அப்புறம் கம்பெனி நமக்காகக் கட்டும் பிஎஃப், பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) 12 சதவீதம். அதுவும் சிடிசிக்குள்தான், அதாவது கம்பெனி நமக்காக ஆண்டுக்குச் செலவழிப்பதாகச் சொல்லும் அந்த மொத்த 14 லட்சத்துக்குள்தான். கிராஜுட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், ஐந்து வருஷம் அங்கேயே இருந்தால்தான் அந்தப் பணம் நமக்கு. மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியமும் அதற்குள்ளேயே அடக்கம். இதெல்லாம் போக மிஞ்சுவதில் நம் பங்கு பிஎஃப், வருமான வரி, மஹாராஷ்டிராவின் தொழில் வரி மாதம் 200 ரூபாய் (பிப்ரவரியில் 300) பிடிப்பார்கள். ஆகவே எச்ஆரிடம் “சிடிசி எவ்வளவு” என்று பேசுவதை விட்டுவிட்டு, “என் பேங்க் அக்கவுன்ட்டில் மாதாமாதம் எவ்வளவு விழும், மெயிலில் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சம்பளம் பேசும் நேரத்தில் வேரியபிளைக் குறைத்து ஃபிக்ஸட் பகுதியில் சேர்க்கச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம். எனக்குப் பிறகு சேர்ந்த ஒருவருக்கு அப்படிச் செய்து கொடுத்தார்கள்.

அடுத்தது சம்பளத் தேதி. நோட்டீஸ் பீரியட் முடித்து ஜூன் மூன்றாவது வாரம் சேர்ந்தேன். அந்த நிறுவனத்தில் மாதம் 15ஆம் தேதிக்குப் பிறகு சேர்பவர்களுக்கு அந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துத்தான் போடுவார்கள். பல கம்பெனிகளில் இப்படி ஒரு கட்-ஆஃப் தேதி உண்டு. பழைய கம்பெனியின் கடைசிக் கணக்கு முடிந்து வரவும் ஒன்றரை மாதம் ஆனது. ஆக, வாழ்க்கையிலேயே அதிகமாகச் செலவு செய்த அந்த நாட்களில் ஒரு பைசா வரவு இல்லாமல் இருந்தேன். ஜாயினிங் தேதியை ஒரு வாரம் முன்னே தள்ளியிருந்தால் ஜூன் மாதப் பங்குச் சம்பளம் ஜூன் கடைசியிலேயே வந்திருக்கும். தேதி பேசும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஆபீசுக்குக் கிட்டே இருக்கட்டும் என்று குர்லா பக்கம் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கினேன். ஓர் அறையில் மூன்று பேர். மாதம் 16,000, முன்பணமாக இன்னொரு 16,000. கட்டிலுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் சூட்கேஸை வைத்துவிட்டால் கதவு முழுசாகத் திறக்காது. அங்கே இருந்துகொண்டு ஒவ்வொரு சனி, ஞாயிறும் வீடு தேடினேன். வீடு தேடியதுதான் இந்த மொத்த அனுபவத்திலேயே என்னை உடைத்துப் போட்டது.

மும்பையில் பெரும்பாலும் வீட்டுக்காரர் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தக் கட்டடத்தின் சொசைட்டி கமிட்டியும், அதாவது அங்கே வீடு வைத்திருப்பவர்களின் சங்க நிர்வாகிகளும், ஒத்துக்கொள்ள வேண்டும். வாடகை பேசி, வீட்டுக்காரருக்கும் பிடித்துப்போன பிறகு, கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, கூட யார் இருப்பார்கள், அசைவம் சமைப்பீர்களா, இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள், ஆண் நண்பர்கள் வருவார்களா. எனக்கு 31 வயது. என் சம்பளத்தில் என் வீட்டை நடத்திக்கொண்டிருந்தவள். முன்பின் தெரியாத நான்கு ஆண்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, மறுநாள் “சிங்கிள் லேடிக்குக் கொடுப்பதில்லை” என்று புரோக்கர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது வரும் கோபத்தை எழுதிக் காட்ட முடியவில்லை. அதைவிட மோசம், கோபத்தைக் காட்டக்கூட எனக்கு அந்த ஊரில் மொழி இல்லை. ஆபீசில் ஆங்கிலம் போதும். வாட்ச்மேனிடமும் ஆட்டோக்காரரிடமும் கமிட்டியிடமும் இந்தியோ மராத்தியோ தேவைப்பட்டது. கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் கிடைத்தால் பேச்சு இந்தியைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, பேரம் பேசவே வேண்டியிருக்கும்.

கட்கோபரில் ஒரு வீடு எனக்கு ரொம்பப் பிடித்தது. கார்பெட் ஏரியா (சுவர் போக உள்ளே புழங்கும் இடம்) 350 சதுர அடிதான், ஆனால் இரண்டு பக்கமும் ஜன்னல். “மேடம், இன்றைக்கே டோக்கன் போடவில்லை என்றால் வேறு பார்ட்டி எடுத்துவிடும்” என்று புரோக்கர் அவசரப்படுத்தினார். வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைக்கக் கொடுக்கும் முன்பணம்தான் டோக்கன். 15,000 ரூபாயை புரோக்கரின் நம்பருக்கே அனுப்பினேன். வீட்டுக்காரர் சரி என்றார், சொசைட்டி முடியாது என்றது. டோக்கனைத் திருப்பிக் கேட்டபோது “வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்” என்றார். வீட்டுக்காரரைக் கேட்டால் தன் கைக்கு ஒன்றும் வரவில்லை என்றார். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. டோக்கன் கொடுப்பது அந்த ஊர் வழக்கம், தவிர்ப்பது கஷ்டம். ஆனால் அதை வீட்டுக்காரரின் பேங்க் அக்கவுன்ட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். “சொசைட்டி மறுத்தால் முழுத் தொகையும் திரும்பும்” என்று ஒரு வரியை அவர் வாட்ஸ்ஆப்பில் எழுதிய பிறகு அனுப்புங்கள். எழுத மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

எனக்கு வழி காட்டியது செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் பழக்கமான ஓர் அக்கா. திருநெல்வேலிக்காரர், அந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரசாதம் வாங்கும் வரிசையில் நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டு அவராகத்தான் வந்து பேசினார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “மொதல்ல வீட்டப் பாக்காதட்டி. மொதல்ல செக்ரட்டரியப் பாரு, தனியா இருக்க பொம்பளைக்குக் குடுப்பாங்களான்னு கேளு. அவன் சரின்னா மட்டும் லிஃப்ட்ல ஏறு” என்றார். அந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ வார இறுதிகளை மிச்சப்படுத்தியது. அதற்குப் பிறகு புரோக்கரிடம் போனிலேயே சொல்லிவிடுவேன்: தனியாக இருக்கும் பெண், அசைவம் சாப்பிடுவேன், அம்மா அவ்வப்போது வந்து தங்குவார், இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளும் சொசைட்டி இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். காட்டும் வீடுகள் குறைந்தன. காட்டியவை எல்லாம் கிடைக்கக்கூடிய வீடுகளாக இருந்தன. தமிழர்கள் அதிகம் இருக்கும் மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் பக்கம் கோயில்களிலும் மாவுக்கடைகளிலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். புரோக்கர் கையில் இல்லாத வீடுகளைப் பற்றிக்கூட அங்கேதான் தெரியவரும்.

வீடு பார்க்க மழைக்காலம்தான் சரியான நேரம் என்பது 2024 ஜூலை 8ஆம் தேதி எனக்குத் தெரிந்தது. நள்ளிரவு தாண்டி ஆறு மணி நேரத்தில் நகரின் சில பகுதிகளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று லோக்கல் ரயில்கள் நின்றுபோயின. பிஜி வாசலில் தண்ணீர் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வாரம் பார்க்கப்போன வீடுகளில் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர்கள் ஊறிப்போய், கையை வைத்தால் ஈரம் ஒட்டியது. ஏப்ரல், மே மாதத்தில் போயிருந்தால் அதே சுவர் பளிச்சென்று இருந்திருக்கும். கோடையில் வீடு பார்க்க நேர்ந்தால், போன மழைக்குத் தெருவில் எதுவரை தண்ணீர் ஏறியது என்று வாட்ச்மேனிடமும் கீழே இருக்கும் கடைக்காரரிடமும் கேளுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரையும் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் மூலையையும் தொட்டுப் பாருங்கள்.

கடைசியில் ஆகஸ்டில் முலுண்டில் ஒரு ஒன் பிஹெச்கே கிடைத்தது. வாடகை 29,000. டெபாசிட் ஒரு லட்சம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 29,000. ஒப்பந்தச் செலவு 4,000. முதல் மாத வாடகை முன்கூட்டியே. வீட்டுச் சாவி கைக்கு வருவதற்குள் 1,62,000 ரூபாய் போய்விட்டது. பிஜிக்குக் கொடுத்ததையும் சாமான் கொண்டுவந்த செலவையும் சேர்த்தால் இரண்டரை லட்சம். என்னிடம் இருந்த சேமிப்பு 1,80,000தான். மீதிக்கு அம்மா தன் வளையல்களை வைத்து நகைக்கடன் வாங்கி அனுப்பினார். “நக எதுக்கு இருக்குது கண்ணு, இதுக்குத்தானே” என்று சாதாரணமாகச் சொன்னார். அன்று ராத்திரி பிஜி பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வேலை மாறி முன்னேறுகிறோம் என்று நினைத்துக் கிளம்பிய ஒருத்தி மூன்றாவது மாதத்தில் அம்மாவின் வளையலை அடகுவைக்க வேண்டிவரும் என்று யார் நினைப்பார்கள்? இதைப் படிப்பவர்கள் ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எடுக்கப்போகும் வீட்டின் மாத வாடகையைப் போல எட்டு ஒன்பது மடங்கு பணம், கடன் இல்லாமல், கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். மும்பையில் இப்படி என்றால் பெங்களூரில் டெபாசிட்டாக மட்டுமே ஐந்து மாதம், பத்து மாத வாடகை கேட்பவர்கள் உண்டு, அங்கே இன்னும் கூடவே வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஹாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தை ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்பார்கள். 11 மாதத்துக்குத்தானே என்று நம் ஊரில் பதிவு செய்யாமல் விடுவோம். அங்கே எத்தனை மாதமானாலும் பதிவு கட்டாயம், பதிவு செய்ய வேண்டிய பொறுப்பும் வீட்டுக்காரருடையது. 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஏஜென்ட் லேப்டாப்பும் கைரேகை மிஷினும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார், கட்டைவிரலை வைத்து, கேமராவைப் பார்த்தால் வேலை முடிந்தது. கைரேகை வைப்பதற்கு முன் திரையில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். என் ஒப்பந்தத்தில் ‘லாக்-இன்’ என்று ஆறு மாதம் போட்டிருந்தார்கள், அதற்குள் காலி செய்தால் மீதி மாத வாடகை முழுவதையும் கொடுக்க வேண்டுமாம். புது வேலையில் ஆறு மாத புரொபேஷனில் இருப்பவள் இதற்கு எப்படி ஒத்துக்கொள்வது? பேசி மூன்று மாதமாகக் குறைத்தேன். டெபாசிட்டைக் காலி செய்யும் அன்றே திருப்பித்தர வேண்டும், பெயின்ட் செலவை அதில் கழிக்கக்கூடாது என்றும் எழுதவைத்தேன். சாவி வாங்கியதும் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷனையும் மறக்காமல் முடித்துவிடுங்கள், பல சொசைட்டிகள் அந்த ரசீது இல்லாமல் சாமானை உள்ளே விடாது.

சாமான் கொண்டுவந்த கதை இன்னொரு வேதனை. கோயம்புத்தூரில் போனில் 28,000 என்று பேசி ஒத்துக்கொண்ட பேக்கர்ஸ்காரர்கள், முலுண்டில் வண்டியை சொசைட்டி கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு இன்னும் 13,000 கேட்டார்கள். சுங்கம், வண்டி மாற்றியது, மாடி ஏற்றும் கூலி என்று ஒரு பட்டியல். சொசைட்டியில் சாமான் ஏற்ற சாயங்காலம் ஆறு மணிவரைதான் லிஃப்டை விடுவார்கள். மணி நாலரை, மழை தூறிக்கொண்டிருக்கிறது, தார்ப்பாய்க்கு வெளியே அம்மா கட்டிக்கொடுத்த கிரைண்டரின் அட்டைப்பெட்டி நனைகிறது. கொடுத்தேன், வேறு வழியில்லை. ரசீது கேட்டேன், அப்புறம் அனுப்புகிறோம் என்றார்கள், வரவேயில்லை. அதனால் வந்த இரண்டாவது அடி ஆபீசில். ஆஃபர் லெட்டரில் 50,000 ரூபாய் வரை ரீலொகேஷன் (ஊர் மாறும்) செலவு தருவதாக இருந்தது. ஆனால் ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் தருவார்கள் என்று கிளெய்ம் போடும்போதுதான் சொன்னார்கள். ரயில் டிக்கெட்டுக்கும் பிஜி ரசீதுக்கும் மட்டும் பணம் வந்தது. 41,000 ரூபாய் என் கையிலிருந்தே போனது. ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் கொடுத்ததையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. கட்டில், பீரோ, வாஷிங் மிஷின் இதையெல்லாம் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அங்கேயே பழையதாக வாங்கலாம், மாத வாடகைக்கும் கிடைக்கிறது. பாத்திரம், கிரைண்டர், துணி, புத்தகம் மட்டும் ரயில் பார்சலில் போட்டால் செலவு பல மடங்கு குறையும். லாரிதான் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி நம்பர் உள்ள கொட்டேஷனை எழுத்தில் வாங்கி, சாமான் இறங்கிய பிறகுதான் பெரும்பகுதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு அடுத்தது நேரம். முலுண்டிலிருந்து குர்லாவுக்கு ரயில் அரை மணி நேரம்கூட ஆகாது. மேப்பில் பார்த்தால் மொத்தமே முக்கால் மணி நேரம் என்று காட்டும். நிஜத்தில், வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, ஏற முடியாமல் விட்டுவிடும் ரயில், குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி இறங்கும் நெரிசல், மேற்குப் பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு வரிசை எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம். மழை நாளில் இரண்டு. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக விளிம்பில் உட்கார ஒரு முறை உண்டு, உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு இடம் சொல்லிவைக்கும் முறையும் உண்டு. பழகிவிடும். ஆனால் உடம்பு பழக மூன்று மாதம் எடுத்தது. இடுப்புவலி வந்தது, ராத்திரி சமைக்கத் தெம்பில்லாமல் வெளியே வாங்கிச் சாப்பிட்டேன், அதுவும் செலவுதான். டோம்பிவிலி, கல்யாண் பக்கம் போனால் வாடகை பாதியாகும், ஆனால் பயணம் இன்னும் நீளும். என் அபிப்பிராயத்தில், ஒருநாளைக்கு ஒரு மணி நேரப் பயணம் மிச்சமாகும் என்றால் மாதம் ஐயாயிரம் ரூபாய் கூடுதல் வாடகை கொடுப்பதில் தப்பே இல்லை. வீட்டை முடிவு செய்வதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸ் நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்தவர்களுக்கு அந்த ரயில் எப்படி இருக்கும் என்று தெரியவே தெரியாது.

மாதச் செலவைச் சொன்னால்தான் முழுசாகப் புரியும். வாடகை 29,000, கரன்ட்டும் கேஸும் இன்டர்நெட்டும் 3,000 (நம் ஊர் மாதிரி முதல் 100 யூனிட் இலவசம் என்பது அங்கே கிடையாது), சாப்பாடு 9,000, பயணம் 4,500, வீட்டு வேலைக்கு வருபவருக்கு 2,500, அம்மாவுக்கு 15,000, ஊருக்குப் போய்வருவதை மாதக் கணக்காக வகுத்தால் 4,000, மருந்து மாத்திரை மற்றதெல்லாம் 4,000. மொத்தம் 71,000. மிச்சம் 14,000. அதிலும் நகைக்கடன் வட்டி. கோயம்புத்தூரில் 46,000 வாங்கியபோது மாதம் 18,000 சேர்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, சேமிப்பு குறைந்தது. ஆஃபர் கையில் வந்ததும் இந்தப் பட்டியலை நீங்களே எழுதுங்கள், எழுதும்போது ஊரில் இருக்கும் குடும்பத்தின் செலவையும் அந்த ஊர்ச் செலவையும் இரண்டு வீட்டுச் செலவாகவே போடுங்கள். மிச்சம் இப்போது மிச்சமாவதைவிடக் குறைவாக வந்தால், அந்த வேலை வேறு எதைக் கொடுக்கிறது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும்.

நவம்பரில் அம்மாவுக்கு சர்க்கரை எகிறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். கோயம்புத்தூருக்கு ரயிலில் ஒரு நாளைக்கு மேல் ஆகும், அன்றைய ஃப்ளைட் டிக்கெட் ஒருவழிக்கே 12,000. போய்ச் சேர்ந்தபோது அம்மா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஃப்ளைட்டில் இருந்த அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரி பில் 38,000. கம்பெனி இன்சூரன்ஸில் கணவன், மனைவி, குழந்தைகள் உண்டு, பெற்றோர் கிடையாது. தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்க ஒரு வாய்ப்பு இருந்தது, அதைச் சேர்ந்த முதல் மாதத்துக்குள் செய்ய வேண்டும், அந்த மெயில் நூறு மெயில்களுக்கு நடுவில் வந்து போயிருந்தது. சேரும் நாளிலேயே எச்ஆரிடம் பெற்றோரைச் சேர்க்கும் வழியைக் கேட்டுவிடுங்கள். அவசர டிக்கெட்டுக்கான பணத்தைத் தனி அக்கவுன்ட்டில் போட்டு வையுங்கள். ஊரில் உங்களுக்காக ஓடக்கூடிய ஒருவரிடம் அம்மா அப்பாவின் ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டு, கொஞ்சம் ரொக்கம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவு சொன்னதால் போகவே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வேலை நன்றாக இருந்தது. கோயம்புத்தூரில் பத்து வருஷத்தில் கிடைத்திருக்காத பொறுப்பு இங்கே ஒரே வருஷத்தில் வந்தது. 2025 ஏப்ரலில் சம்பளம் கொஞ்சம் கூடியது, வேரியபிள் முக்கால்வாசி வந்தது. அதே மாதம் முதல் புதிய வரி முறையில் 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி இல்லை என்று ஆனதால், முன்பு வரியாகப் பிடித்த ஐயாயிரத்துச் சொச்சமும் கைக்கு வந்தது. வாடகைக்கு வரிவிலக்கு உண்டே என்று நினைப்பவர்களுக்கு: வாடகைப்படி விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். சேரும்போது எந்த முறை என்று கேட்பார்கள், இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அம்மாவின் வளையல்களை ஜூனில் மீட்டுவிட்டேன். 11 மாதம் முடிந்தபோது புரோக்கர் மறுபடி ஒரு மாத வாடகை கேட்டார். வீட்டுக்காரரிடம் நேராகப் பேசி, ஐந்து சதவீத உயர்வுக்குப் புதுப்பித்துக்கொண்டேன். புரோக்கருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

என்னைப் போல ஊரில் சொந்த வீடும் பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோரும் இருப்பவர்கள் எவ்வளவு சம்பளம் என்றால் மும்பைக்கு வரலாம் என்று கேட்கிறார்கள். கையில் மாதம் ஒரு லட்சம் வராத வேலைக்கு, அந்த வேலை உங்கள் துறையில் அடுத்த படிக்குக் கொண்டுபோகும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் தவிர, வர வேண்டாம் என்பேன். இன்னொன்று, வாரத்தில் எத்தனை நாள் ஆபீசுக்கு வர வேண்டும் என்பதை ஆஃபர் ஏற்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்டர்வியூவில் “ஹைப்ரிட்தான், மூன்று நாள் வந்தால் போதும்” என்றார்கள். சேர்ந்த பிறகு புரொபேஷன் முடியும்வரை ஐந்து நாளும் வரச் சொன்னார்கள். புரொபேஷன் முடிந்த பிறகும் மேலதிகாரி இழுத்தடித்தபோது, ஆஃபர் வந்த 2024 ஏப்ரலில் எச்ஆர் அனுப்பிய மெயிலில் “மூன்று நாள்” என்று இருந்த ஒரு வரியைத் தேடி எடுத்துக் காட்டினேன். இப்போது அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு வாரம் சிங்காநல்லூரிலிருந்தே வேலை பார்க்கிறேன்.